மண்டைக்குள் கரண்ட்

கேள்வி: தலைக்குள் கரண்ட் விட்டு மூளையை நோட்டம் பார்க்கிறார்களாமே, ஷாக் அடிக்காதா?
(வாசகர் ஒருவர், காட்டுமன்னார்கோயில்)

பதில்: அடிக்காது. மின்வாரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலையைச் சுற்றி ஒட்டிய எலெக்ட்ரோடுகள் வழியே ஓடுவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம். அதுவும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுவதால் நரம்புக்கு உறைக்காது. ஜிம்மில் கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினில் வெறுங்காலோடு நின்றவர்கள் ஏற்கெனவே இதே மாதிரிச் சோதனைக்கு ஆளானவர்கள்தான். ஷாக் அடித்தது ரிசல்ட்டைப் பார்த்தபோது!

இந்த முறையில் அளப்பது மின்தடையை. ரத்தம், மூளைத் திசுவைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ரத்தம் கசிந்த இடத்தில் மின்தடை குறையும். அடைப்பால் ரத்தம் வராமல் செல்கள் வீங்கினால் மின்தடை ஏறும். பக்கவாதத்தில் உயிரைத் தீர்மானிப்பது கசிவா, அடைப்பா என்ற இந்த வித்தியாசம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு உள்ளவருக்குப் போட்டாலோ விபரீதம். ஆம்புலன்ஸிலேயே இது தெரிந்துவிட்டால் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் வீணாகாது.

இதற்கு முட்டுக்கட்டை, மண்டை ஓடு. மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது.

அடுத்த சிக்கல், அளந்ததைப் படமாக்குவது. சி.டி. ஸ்கேனில் எக்ஸ்-ரே நேர்கோட்டில் போகும். அதைப் படமாக்க விஞ்ஞானிகள் ஜி.என்.ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் 1971இல் அருமையான கணக்கு கொடுத்தார்கள். மின்சாரமோ வளைந்து நெளிந்து ஓடும், படம் கலங்கல்தான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டேவிட் ஹோல்டர் குழு பல்லாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. நுரையீரலுக்கு இம்முறை ஐ.சி.யு. வரை வந்துவிட்டது. மூளை விஷயத்தில் இன்னும் இல்லை. வாய் கோணினால், கை துவண்டால், இப்போதைக்கு 108 ஆம்புலன்ஸும் சி.டி. ஸ்கேனும்தான்.