நவீன ஆய்வகத்துக்கு ஒரு நற்சான்று

எங்கள் ஊர்க் கல்லூரியின் விலங்கியல் துறை தன் கருவளர்ச்சியியல் ஆய்வகத்தை நவீனமாக்கிய மாட்சியை எந்த நாவால் புகழ்வேன்! வாசலில் பளிங்குக் கல்வெட்டு. உள்ளே குளிர்சாதனம், மூலைக்கு மூலை கேமரா, சுவரை அடைத்து ஸ்மார்ட் போர்டு. இத்தனை அணிகலன் பூண்ட திருமண்டபத்துக்குள் உயிருள்ள கரு ஒன்றுகூட நுழைந்து தீட்டுப்படுத்திவிடாமல் காத்துநிற்கும் பெருமக்களின் விழிப்புதான் என்னே!

கோழிக்கருச் சிலைடுகளின் மகிமையைச் சொல்லியே ஆக வேண்டும். 24, 33, 48, 72 மணி நேரம் என லேபிள் தாங்கிய அந்த மகான்கள், கார்மைன் சாயத்தில் சிவந்து, பால்சம் மஞ்சளித்து, பேராசிரியப் பெருந்தகையின் மாணவப் பருவத்திலும் இதே பெட்டியில்தான் எழுந்தருளியிருந்தனர். இன்றோ ஸ்மார்ட் போர்டில் ஆளுயரத்துக்கு விசுவரூபம். கண்ணாடிக் கீறல்கூட எத்தனை துல்லியம்! லேபிள் உரிந்துபோன ஒருவர் 48ஆ 72ஆ என்பதைத் தேர்வாளரின் திருவுளம் தீர்மானிக்கும். செய்முறைத் தேர்வின் ஸ்பாட்டரில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

இன்குபேட்டரும் இருக்கிறது, வந்த நாளில் சுற்றியிருந்த பாலித்தீன் உறை கிழியாத தூய்மையோடு. சேவலோடு திரிந்த நாட்டுக்கோழியின் முட்டையை அதில் 38 டிகிரியில் வைத்து, மூன்றாம் நாள் ஓட்டில் சிறு சன்னல் வெட்டினால், மஞ்சள் கருவின்மேல் ரத்த நாளங்கள் படர்ந்திருக்க, நடுவே குட்டி இதயம் துடிப்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம் என்று சில அற்பர்கள் பிதற்றுகிறார்கள். என்ன விபரீதம்! துடிப்பைக் கண்ட பிள்ளை கேள்வி கேட்குமே. குளிர் பட்டால் துடிப்பு குறையுமா என்று சோதித்தும் பார்க்குமே! 1924இல் வெளியான ஆய்வில் சாலமாண்டர் கருவின் துணுக்கை இன்னொரு கருவில் ஒட்டி, இரண்டாவது உடலையே எழச்செய்த ஹில்டே மாங்கோல்டும் ஆராய்ச்சி மாணவிதான். அப்பேர்ப்பட்ட ஆபத்து நம் பிள்ளைகளை அண்டலாமா?

கடை முட்டையோடு வந்து, "இது வளருமா மேடம்?" என்றாள் ஒரு மாணவி. நாமக்கல் பண்ணைக் கோழி சேவலையே அறியாதது, அந்த முட்டையில் கரு இல்லை என்று சொல்லி அவள் நெஞ்சைக் கலக்காமல், "ரெக்கார்டு முடிச்சாச்சா?" என்று வினவிய கருணைக்கு ஈடேது? அவளும் சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து, அக்கா போட்ட தப்பு அம்புக்குறி உட்பட, அழகாக வரைந்து கையெழுத்தும் பெற்றுவிட்டாள்.

நாளை தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. சிலைடுப் பெட்டிக்குப் புது வெல்வெட் தைத்தாயிற்று. இன்குபேட்டருக்கு உறைக்கு மேலேயே ரோஜா மாலை சாத்தியாயிற்று.