மாமா கொஞ்சம் பர்ட்டிகுலர்

சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற பஸ்ஸில் ஏறி மார்க்கையன்கோட்டையில் இறங்கி, "எல்லாத்துலயும் பர்ட்டிகுலரா இருப்பாரே, அவர் வீடு எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு, "எந்தத் தெரு பர்ட்டிகுலர்?" என்பார்கள். அவ்வளவு பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போகிறவர் அவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துப் பிசைந்த ஒருவர். ஊருக்கே மாமா. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாய்க்கால் ஓரம் கொஞ்சம் வயல், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் மூடி தொலையாத பேனா.

டீக்கடையில் அவருக்கென்று தனிச் சட்டம். கிளாஸைச் சுடுதண்ணீரில் ரெண்டு தரம் அலச வேண்டும். சர்க்கரை அரைக் கரண்டி. டிக்காஷன் இறங்கும்போது மாஸ்டர் யாரோடும் பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். ஆற்றுவது ஒரே தரம், நுரை கட்டினால் திருப்பி விடுவார். வெளியூரிலிருந்து வந்த புது மாஸ்டர் ஆரம்பத்தில் திணறித்தான் போனார். இப்போது தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததுமே கல்லாவிலிருந்து குரல் வருகிறது: "ஒரு பர்ட்டிகுலர் போடு!" ஸ்ட்ராங், லைட் வரிசையில் அதுவும் ஒரு டீ ஆகிவிட்டது. விலைப்பட்டியலில்தான் இன்னும் ஏறவில்லை.

அதே கடையில் நெல்லு மூட்டை ஏற்றிவிட்டு வியர்வையோடு வந்த ஒருவர், "கிளாஸ நல்லாக் கழுவிக் குடுப்பா" என்றார்.

"ஏன், வெள்ளி டம்ளர்ல தரவா?" என்றார் மாஸ்டர்.

மாமாவின் ஆத்தாவும் கடைசிவரை தன் சொம்பைத் தவிர வேறெதிலும் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் இந்த இங்கிலீஷ் வந்து சேருமுன்பே பிறந்துவிட்டதால், 'பிடிச்ச பிடி விடாத கெழவி' என்ற பட்டத்தோடுதான் போய்ச் சேர்ந்தார். மகன் எஸ்.எஸ்.எல்.சி. படித்தார், அதே குணம் அவரிடம் வந்து மரியாதையாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

காலையில் பேப்பர் வந்ததும் அவர் கண் போகிற முதல் இடம் முல்லைப் பெரியாறு நீர்மட்டம். இதைப் பழிக்க எனக்கு மனசில்லை. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் மே மாசம் முழுக்க இங்கே பேச்சு. ஆனால் மற்றவர்களுக்கு 'நூத்தி இருவது அடி' என்றால் போதும். மாமாவுக்கு மிச்சமும் வேண்டும். "நூத்தி இருவது புள்ளி மூணு அஞ்சு. புள்ளிய விட்டுட்டுப் பேசுறதா இருந்தா எங்கிட்டப் பேசாதீக." 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது பள்ளத்தாக்கே வெடி போட்டுக் கொண்டாடியது. "புள்ளி பூஜ்யம்னு தீர்ப்புல தெளிவாப் போட்டுருக்கானா?" என்று மாமா கேட்டதாக ஊரில் ஒரு கதை. கேட்டிருக்க மாட்டார் என்று யாரும் சத்தியம் பண்ணத் தயாராக இல்லை.

சனிக்கிழமையானால் வீடே பட்டினி. குச்சனூர் சனீஸ்வரன் பக்கத்திலேயே இருக்கிறார், விளையாட முடியாது. மொட்டைமாடிச் சுவரில் வைத்த சோற்றைக் காக்கா எடுத்தால்தான் மாமா இலையில் உட்காருவார். எந்தக் காக்காவும் ஆகாது; ஒற்றையாக வந்து, தெற்கே பார்த்து நின்று எடுக்க வேண்டும். கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போனால் மறுபடி முதலிலிருந்து.

ஆனால் அவரை முழு உருவில் தரிசிக்க வேண்டுமானால் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும். அதுவும் மொய் மேசைக்கு. எங்கள் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு மட்டுமில்லை, தலைமுறைக் கணக்கு. முன்பு நீள நோட்டு. இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். மாமா ஐநூற்று ஒன்றை நீட்டுவார், பையன் தட்டுவான், ரசீது வரும், மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டுவார். பின்னால் நிற்கிறவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

"தம்பி, மார்கயன்கோட்டைன்னு இருக்கு. 'க்' எங்க?"

"மெஷின்ல அப்பிடித்தேன் ஏத்தியிருக்கு, ஐயா."

"அப்ப மெஷினத் திருத்து. நாளைக்கு இவுக எனக்குத் திருப்பிச் செய்யணும்ல? இல்லாத ஊருக்கு எந்த பஸ்ல வருவாக?"

பையன் திருத்துவான். அதற்குள் 'கை' கழன்று 'க' ஆனது கண்ணில் படும். அடுத்து இனிஷியல்: தமிழில்தான் வேண்டும், புள்ளியோடு. வரிசை வாசல் வரைக்கும் நீளும். "என்னப்பா அங்க?" என்று கடைசியிலிருந்து ஒரு அதட்டல் வரும். "மாமா கொஞ்சம் பர்ட்டிகுலர்" என்று யாராவது சொல்வார்கள். உடனே வரிசை அடங்கிவிடும். ஒருமுறை அவருக்கு முன்னால் நின்ற பெண்மணி தன் புருஷன் பேர் தப்பாக விழுந்திருக்கிறது என்றார். "நகருங்கம்மா, பின்னாடி ஆள் நிக்குதுல்ல" என்று முதலில் சொன்னது மாமாதான்.

இங்கிலீஷ் கொடுக்கும் இந்தச் சலுகையை ஊர் நன்றாகவே பிடித்துக்கொண்டது. சந்தேகம் இருந்தால் மாப்பிள்ளை பார்க்கும் கூடத்தில் காது கொடுங்கள். பையன் 'ரிசர்வ்டு' என்றால் கேட்டதற்குப் பதில் வராது. 'ஃப்ராங்க்' என்றால் பெண் வீட்டில் உட்கார்ந்தே கேசரியில் நெய் போதாது என்பான். 'சென்சிட்டிவ்' என்றால் கோவித்துக்கொண்டு மூன்று நாள் சாப்பிட மாட்டான். 'ஜாலி' என்றால் பொழுது சாய்ந்த பிறகு போன் எடுக்க மாட்டான்.

மாமாவின் சொல்லுக்கும் ஒரு போட்டி வந்தது. பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன், செருப்புகளை மாமா அளவு பார்த்து அடுக்குவதைக் கண்டு, "மாமா, உங்களுக்கு ஓசிடி" என்று சொல்லிவிட்டுப் போனான். பி.எட்., எம்.எட். மாதிரி ஏதோ கௌரவம் என்று மாமா அதைப் பலரிடம் சொல்லிக்கொண்டார். அது மருந்து சாப்பிடுகிற வியாதி என்று மருந்துக்கடைக்காரர் விளக்கியபிறகு அக்கா மகனோடு பேச்சு இல்லை. மாமா பக்கம்தான் நியாயம். நிஜமாகவே அந்த நோய் வந்தவர், தோல் உரிகிற வரை கை கழுவிவிட்டு, நிறுத்த முடியவில்லையே என்று அழுகிறார். நம் மாமா செருப்பை அடுக்கிவிட்டு, நாலடி பின்னால் தள்ளி நின்று ரசிக்கிறார்.

போன தை மாசம் மகளுக்குச் சம்பந்தம் பேச கூடலூர்க்காரர்கள் வந்தார்கள். காப்பி வந்தது.

"எடுத்துக்கங்க சம்பந்தி."

"இருக்கட்டும். நான் காப்பில கொஞ்சம் பர்ட்டிகுலர்."

மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவர்! பேச்சு தேதிக்குப் போனது. மாமாவுக்கு ஒற்றைப்படைத் தேதி வேண்டும். சம்பந்திக்குப் புதன்கிழமை ஆகாது. மாமாவுக்குச் சின்னமனூர் மண்டபம். சம்பந்திக்கு எந்த மண்டபமானாலும் சரி, வாசல் மட்டும் கிழக்கே இருக்க வேண்டும். காலண்டர் கை மாறி கை மாறிக் கசங்கியது. காப்பியில் ஏடு கட்டியது.

அத்தை வந்தார். யாரும் தொடாத ரெண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய், ஒரே பாத்திரத்தில் ஊற்றிச் சுட வைத்து, ரெண்டாகப் பங்கிட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"இவுகளும் பர்ட்டிகுலர், நீங்களும் பர்ட்டிகுலர். இந்த வீட்டுல நான் ஒருத்திதேன் ஜெனரல். ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. தேதிய நாங்க அடுப்படியில குறிச்சுட்டோம்."

ரெண்டு பேரும் மறு பேச்சில்லாமல் குடித்தார்கள். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"முகூர்த்தம் ஒம்பதுக்கா, ஒம்பதே காலுக்கா?"