பேரேடு யோசிக்குமா?

கே.மா., விருதுநகர்: ‘பிளாக்செயினில் ஓடும் ஏஐ’ என்கிறார்களே, நிஜமாகவே அதில்தான் ஓடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. எதீரியம் என்ற பிளாக்செயினில் நீங்கள் ஒரு கூட்டல் போட்டால், ஆயிரக்கணக்கான கணினிகள் அதே கூட்டலை மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பும். பண விஷயத்தில் அந்தச் சந்தேகப் புத்தி நல்லது. ஒரு சொல்லை உதிர்க்கவே நூற்றுக்கணக்கான கோடிப் பெருக்கல் போடும் ஏஐக்கு அது கட்டுப்படியாகுமா? அதனால் மாடல் யாருடைய ஜிபியுவிலோ ஓடும். வேலை செய்தது யார், கூலி எவ்வளவு என்று எழுதிவைக்கும் பேரேடுதான் பிளாக்செயின்.

ரா.செ., கோவை: கூலி சரி. வேலை ஒழுங்காக நடந்ததா என்று யார் பார்ப்பது?

பிடித்தீர்களே, அங்கேதான் மொத்தச் சிக்கலும். பிட்டென்சர் என்ற ஏஐ-பிளாக்செயின் வலையையே எடுத்துக்கொள்வோம். ஜேக்கப் ஸ்டீவ்ஸ், அலா ஷபானா என்ற இருவர் தொடங்கியது. உள்ளே பல துணை வலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. ‘மைனர்’கள் பதில் தருவார்கள், ‘வேலிடேட்டர்’கள் மார்க் போடுவார்கள், மார்க்குக்குத் தகுந்தபடி நாணயம் கிடைக்கும்; 2025 தொடக்கம் வரை அது டாவோ. யார் மார்க்குக்கு எவ்வளவு மதிப்பு? அவர் பின்னால் எவ்வளவு நாணயம் அடகு நிற்கிறதோ அவ்வளவு. பெரும்பான்மையை விட்டு விலகி மார்க் போட்டால் வருமானம் குறையும்.

விளைவு? பார்த்து எழுதும் மாணவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே வாத்தியாரே பக்கத்து வாத்தியாரின் மார்க் பட்டியலைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். ஒரு விடைத்தாளும் திருத்தாமல் சம்பளம்! மார்க்கைப் பூட்டிவைத்துச் சில காலம் கழித்தே வெளியிடும் முறையைப் பிறகு கொண்டுவந்தார்கள். பார்த்து எழுதுவது குறையலாம். பணம் அதிகம் உள்ளவர் ‘நல்ல பதில்’ என்றால் அது நல்ல பதிலாகிவிடும் ஆபத்துக்கு அதில் மருந்தில்லை.

ஜெ.ப., யாழ்ப்பாணம்: ‘தலைவரே இல்லாத வலை’ என்பது உண்மையா?

2024 ஜூலை 2 வரை நம்பியிருக்கலாம். பிட்டென்சரின் மென்பொருள் தொகுப்பு ஒன்றில் யாரோ விஷம் கலந்து, பைத்தான் நிரல்கள் கிடைக்கும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டார்கள். பதிப்பு எண் 6.12.2. அதை இறக்கிப் பயன்படுத்தியவர்களின் ரகசியச் சாவி திருடனுக்குப் போனது. சுமார் 80 லட்சம் டாலர் மதிப்புள்ள டாவோவும் பின்னாலேயே போனது. உடனே வலையின் பரிவர்த்தனைகள் எல்லாமே நிறுத்தப்பட்டன. நிறுத்தியது பிட்டென்சரின் பின்னால் நிற்கும் ஓபன்டென்சர் அறக்கட்டளை. திருட்டைத் தடுக்க அது சரியான முடிவுதான், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பிரேக்கில் கால் வைத்திருப்பவரை டிரைவர் இல்லை என்று சொல்லாதீர்கள்.

மு.இ., திருச்சி: ஊரிலுள்ள வீட்டுக் கணினிகளையெல்லாம் சேர்த்து ஒரு சாட்ஜிபிடி செய்ய முடியாதா?

வயர் விடாது. டேட்டா சென்டருக்குள் ஹெச்100 சில்லுகள் தங்களுக்குள் விநாடிக்கு 900 கிகாபைட் வரை பேசிக்கொள்ளும். வீட்டு 100 எம்பிபிஎஸ் இணைப்பு விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். எழுபதாயிரம் மடங்கு வித்தியாசம்! ஆனால் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2023இல் கூகுள் டீப்மைண்ட் ‘டைலோகோ’ என்ற முறையைச் சொன்னது: ஒவ்வொருவரும் தனியாக நெடுநேரம் கணக்குப் போடுங்கள், எப்போதாவது கூடி ஒப்பிடுங்கள். பேச்சு சுமார் 500 மடங்கு குறைந்தது. அந்த வழியில் பிரைம் இன்டலெக்ட் நிறுவனம் 2024 நவம்பரில் மூன்று கண்டங்களின் கணினிகளைக் கோத்து, 1,000 கோடி அளவுருக்கள் கொண்ட ‘இன்டலெக்ட்-1’ மாடலைப் பயிற்றுவித்து முடித்தது. நிஜமான சாதனை. அதே ஆண்டு மெட்டா 16,000க்கும் மேற்பட்ட ஹெச்100களை வைத்து உருவாக்கிய லாமா 3.1 மாடலுக்கு 40,500 கோடி அளவுருக்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். இன்னொன்று: இன்டலெக்ட்-1இல் உழைத்தவையும் ஹெச்100களே, உங்கள் வீட்டு மேஜைக் கணினி அல்ல.

த.வி., சேலம்: பையன் கேம் ஆட வாங்கிய ஜிபியுவை ஆகாஷ், ரெண்டர் போன்ற வலைகளில் வாடகைக்கு விட்டால்?

விடலாம். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங்கைக் கைவிட்டதும் வேலையிழந்த ஜிபியுக்கள் ஏராளம். அவையும் வாடகைக்கு ஆள் தேடிய சந்தை இது. வாடகையாக வரும் டோக்கனை விற்று லாபம் வந்தால் 30 சதவீத வரி. இரண்டு மாதக் கரண்ட் பில்லை அந்த லாபத்தில் கழிக்கச் சட்டம் விடாது. பையனிடம் அனுமதி வாங்குவது தனிக் கஷ்டம்.

ச.ந., மதுரை: கூட்டணி முறிவெல்லாம் அரசியலில் மட்டும்தானா?

2024இல் ஃபெட்ச்.ஏஐ, சிங்குலாரிட்டிநெட், ஓஷன் ப்ரோட்டோகால் என்ற ஏஐ-பிளாக்செயின் திட்டங்கள் மூன்றும் ‘செயற்கை மீத்திறன் கூட்டணி’ அமைத்து ஒரே டோக்கனுக்கு மாறின. 2025 அக்டோபரில் ஓஷன் வெளியேறியது. தொகுதிப் பங்கீட்டுக்குப் பதில் டோக்கன் பங்கீட்டில் சண்டை.

பா.லெ., புதுச்சேரி: இந்தத் துறையில் மிக வேகமாக நடந்து முடிந்தது எது?

வசூல். 2017 டிசம்பரில் சிங்குலாரிட்டிநெட் டோக்கன் விற்று 3.6 கோடி டாலர் திரட்ட எடுத்துக்கொண்டது சுமார் ஒரு நிமிடம்.