இடுப்பில் பிஸ்டல், கழுத்தில் கயிறு

பிஸ்டலைக் கயிறு போட்டு உடம்போடு கட்டிக்கொள்வது புத்திசாலித்தனமா, வம்பை விலைக்கு வாங்குவதா? பல ரிவால்வர்களின் கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன வளையம் இருக்கும். அதில் கொக்கியை மாட்டி, கயிற்றின் மறுமுனையைத் தோளிலோ இடுப்பு பெல்ட்டிலோ கழுத்திலோ கோத்துக்கொள்வார்கள். லேனியார்டு என்று பெயர். போலீஸ்காரர் இதே ரகக் கயிற்றில் விசிலையும் கட்டிக்கொள்கிறார். விசிலைப் பிடுங்கிக்கொண்டு ஓட யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட அரக்கோணத்தைவிடத் தோதான ஊர் இல்லை. பக்கத்திலேயே தக்கோலம். மேற்கே போனால் வேலூர், ஆம்பூர். ஆயுதத்தோடு வந்து, ஆயுதத்தையோ உயிரையோ தவறவிட்டு, சரித்திரத்தில் இடம் பிடித்தவர்கள் இந்த வழி நெடுகிலும் இருக்கிறார்கள்.

முதல் ஆள் ராஜாதித்தன். பராந்தக சோழனின் மூத்த பிள்ளை. 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து யானை மேல் ஏறி நின்றான். ஏறியவன் இறங்கவில்லை. கிருஷ்ணனின் மைத்துனன், கங்க நாட்டுப் பூதுகன், கதையை முடித்துவிட்டான். செத்ததற்குக்கூட நம் ஆட்கள் 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று ஒரு பட்டம் கொடுத்து கௌரவித்தார்கள். அம்பு பட்டது என்கிறது சோழர் பக்கக் கதை. பூதுகன் தரப்புச் செய்தி மாண்டியா பக்கத்து ஆதகூரில் ஒரு கல்லில் இருக்கிறது. அதைப் படித்தவர்களில் சிலர், நட்பாகப் பழகி குத்துவாளால் குத்தினான் என்றார்கள். வேறு சிலர், அது தப்பான வாசிப்பு என்றார்கள். சண்டை நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆயுதம் எது என்பதில் பஞ்சாயத்து தீரவில்லை.

அந்தக் கல் நட்டது ராஜாதித்தனுக்காகவும் இல்லை, பூதுகனுக்காகவும் இல்லை. காளி என்ற நாய்க்காக. தக்கோலத்தில் நன்றாகச் சண்டை போட்ட மணலேரன் என்ற வீரனிடம், என்ன வேண்டுமோ கேள் என்றார்கள். ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். மனுஷன் நாயைக் கேட்டான். பிற்பாடு ஒரு காட்டுப்பன்றி மேல் காளியை அவிழ்த்துவிட்டபோது, பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்றுகொண்டன. கட்டிய கயிற்றை அவிழ்த்ததால் வந்த வினைக்கு ஒரு பழைய சாட்சி இது. கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாய்க்கும் பன்றிக்கும் அதில் சிற்பம் உண்டு, இளவரசனுக்கு இல்லை.

சரியாக 800 வருஷம் கழித்து, 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானை மேல் உட்கார்ந்திருந்தார். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் கூட்டணிக்காரர்கள் சுட்டார்கள். குண்டு பட்டு அவரும் போனார். அப்போது அவருக்கு வயது 107 என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். 77-தான் இருக்கும் என்பவர்களும் உண்டு. எதுவானாலும் இந்த வட்டாரத்தில் யானை ராசியில்லை என்று அதற்குள் யாராவது போர்டு எழுதி வைத்திருக்க வேண்டாமா?

இனி தோல் விஷயத்துக்கு வருவோம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்குக்கு, சிப்பாய்கள் பார்க்க லட்சணமாக இல்லை என்று பட்டது. நெற்றியில் நாமம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, மீசையை ஒழுங்குபடுத்து, தலையில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பி போடு என்றார். எந்த மிருகத்தின் தோல்? பசுவென்றால் ஒரு பாதி ஆள் கொதிப்பான், பன்றியென்றால் மறுபாதி. தோல் ஊறும் வாசனையைப் பிறந்ததிலிருந்தே சுவாசிக்கும் இந்தப் பக்கத்து ஊர்க்காரனிடம் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பான். கேட்கவில்லை. 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டை சிப்பாய்கள் கையில்.

சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்தவர் கர்னல் ரோலோ கில்லெஸ்பி. ஆயுதத்தை எப்படி எடுத்துப்போவது என்பதில் அவருக்கு முன் அனுபவம் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒருமுறை சமாதானக் கொடியோடு நீந்திக் கரையேறப் போனபோது வாளைப் பல்லில் கவ்விக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். வாயில் கத்தியோடு சமாதானம் பேச வந்தால் எதிராளி சுடாமல் என்ன செய்வான்? சுட்டான்.

வேலூரில் கதவு சாத்தியிருந்தது. மதில் மேல் மிச்சமிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேலிருந்து கயிறு இறக்கினார்கள். இடுப்பு வார்களை ஒன்றோடொன்று முடிந்து இறக்கினார்கள் என்பாரும் உண்டு. கிணற்று வாளி ஏறுவதுபோல் கர்னல் மேலே ஏறினார். அன்றைய குதிரை வீரன் குட்டைத் துப்பாக்கியைத் தோள்வாரில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருப்பான். ஓடும் குதிரையிலிருந்து விழுந்தால் யார் இறங்கி எடுப்பது? அன்று துப்பாக்கி விழவில்லை. கர்னலுக்கேதான் லேனியார்டு தேவைப்பட்டது. பிறகு பீரங்கியால் கதவைப் பிளந்து படை நுழைந்தது. பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கிராடக்கையும் கவர்னர் பென்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்தது. தொப்பியும் திரும்பப் போனது.

அடுத்த திருப்பம் வடக்கே. 1858 ஆகஸ்ட் 31 அன்று ஒரு பீரங்கியைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி சாம் பிரவுன் இடக்கையைத் தோளோடு இழந்தார். இரண்டு கை இருந்தபோது உறையை ஒன்றால் பிடித்து, வாளை மற்றதால் உருவினார். இப்போது உறை ஆடுகிறது. அதனால் தோளில் குறுக்காக ஒரு வார், இடுப்பில் ஒரு பெல்ட், ஒரு பக்கம் வாள், மறுபக்கம் மூடி போட்ட உறையில் பிஸ்டல். ஒரு கைக்காரருக்காக வந்ததை இரண்டு கையும் நன்றாக இருக்கும் அதிகாரிகள் இன்றும் அணிவகுப்பில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கிறார்கள்.

குதிரைக்காரனுக்கு ஒரு கை கடிவாளத்தில், இன்னொன்று வாளில். சுட்ட பிஸ்டலை அப்படியே கைவிட்டால் அது கயிற்றில் தொங்கும். அங்கே லேனியார்டு தெய்வம். படகிலும் அப்படியே. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டரில் கதவைத் திறந்து குனிபவருக்கும் அப்படியே. காஷ்மீரில் ஜவான்கள் ரைஃபிளைச் சங்கிலியால் இடுப்போடு பிணைத்துக்கொண்டு நின்றதும் பறிகொடுக்கும் பயத்தில்தான்.

இன்னொரு லாபம் பலருக்குத் தெரியாது. கை நழுவும் துப்பாக்கியை அவசரத்தில் எட்டிப் பிடிக்கப் போனால் விரல் நேரே குதிரையில்தான் போய் விழும், அதாவது டிரிகரில். விழட்டும் என்று விட்டுவிடுவதே உத்தமம். ஆனால் பழைய ரிவால்வர் சுத்தியல் தரையில் இடித்தாலே வெடித்துவிடக்கூடும். கயிறு இருந்தால் எட்டிப் பிடிக்கவும் வேண்டாம், தரையில் விழவும் விழாது.

நஷ்டம்? கழுத்தில் மாட்டியவனை எதிரி கயிற்றைப் பிடித்து மாட்டை இழுப்பதுமாதிரி இழுக்கலாம். நீளம் கூடினால் ஜீப் கதவிலும் ஸ்டீயரிங்கிலும் சிக்கும். குறைந்தால் கையை நீட்டும்போது குறியை இழுக்கும். தளர்ந்த கயிறு உறைக்குள் டிரிகர் பக்கம் நுழைந்தால் என்ன ஆகும் என்று விளக்கவே வேண்டாம். சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகிறவருக்கு இது சுத்த இடைஞ்சல்.

தக்கோலத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. 2025-இல் அதற்கு ராஜாதித்தன் பெயரையே வைத்தார்கள். அங்கே பயிற்சி முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கும், லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை: குதிரையோ படகோ ஹெலிகாப்டரோ கூட்டமோ இல்லையென்றால் கயிறு வேண்டாம். வேண்டுமென்றால் கழுத்தில் போடாதீர்கள், பெல்ட்டில் மாட்டுங்கள். நல்ல பெல்ட் ஆம்பூரில் கிடைக்கும்.