மூலத்துக்கு நல்லது: சேலம், நாமக்கல் சமவெளியில் அரிய இறைச்சிகள் பந்தியேறிய வரலாறு

ஆய்வுக் களத்தின் எல்லைகளாவன: வடக்கே மேட்டூர் அணை, தெற்கே மோகனூர்க் காவிரிக்கரை, கிழக்கே ஆத்தூர், மேற்கே திருச்செங்கோடு. இந்நிலப்பரப்புக்கு எந்தத் திசையிலும் கடல் கிடையாது. இக்குறை பின்னால் பயன்படும்.

பிரெஞ்சுக்காரர் நத்தையைப் பூண்டும் வெண்ணெயும் போட்டு ருசிக்காகத் தின்கிறார். நம் சமவெளியிலும் நத்தை உண்டு. ஏரி நிரம்பும் பருவத்தில் பிடித்து, வேகவைத்து, ஓட்டிலிருந்து ஊசியால் இழுத்தெடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டிலாவது “ருசியா இருக்கும், சாப்புடு” என்று அதைப் பரிமாறியதாகச் சான்று கிட்டவில்லை. “மூலத்துக்கு நல்லது கண்ணு, மருந்தாட்டம் நெனச்சு முழுங்கு” என்பதே பரிமாறும் வாசகம். இதிலிருந்து நமது கருதுகோள் பிறக்கிறது: இச்சமவெளியில் எந்த அரிய இறைச்சியும் நாக்கின் வழியாக உள்ளே போனதில்லை. நோயின் வழியாகத்தான் போயிருக்கிறது.

சான்றுகள் ஏராளம். ஆட்டு மண்ணீரலாகிய சுவரொட்டி ரத்தம் ஊறுவதற்கு. வயல் நண்டு இடித்து வைத்த ரசம் நெஞ்சுச் சளிக்கு. ஆட்டுக்கால் சூப்பு எலும்புக்கு. வெண்பன்றி மறுபடியும் மூலத்துக்கு. ஏரி நத்தையும் வெண்பன்றியும் ஒரே நோயின் மீது ஏன் குவிகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. நோய் பரவலாக இருப்பது ஒரு காரணமாகலாம். வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய் என்பதால், குணமானதா இல்லையா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பது இன்னொன்று. மருந்துக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை.

கடல் இல்லாத ஊருக்குள் கடல்மீன் நுழைந்த விதமும் இப்படியே. “டேம் மீனுங்களா, ஐஸ் மீனுங்களா?” என்று கேட்டு, ஐஸ் மீன் என்றால் முகம் சுளிக்கிற வீட்டுக்குள்கூட, மகள் பிள்ளை பெற்று வந்ததும் பால்சுறா தேடிக் கடைகடையாக ஆள் போகிறது. தாய்ப்பால் சுரக்குமாம். சுறாப்புட்டு கிளறுவது பிள்ளைபெற்றவளுக்கு. சட்டியைச் சுரண்டுவது மாமன்மார். அவர்களுக்கு எது சுரந்தது என்பது பதிவாகவில்லை.

நமது ஆய்வின் மணிமகுடம், நெஞ்சுச்சளிக்கென்று பரிமாறப்படும் காடை. “ஆயிரம் கோழி அரைக்காடை” என்பது முன்னோர் வகுத்த சமன்பாடு. அதாவது ஒரு முழுக் காடை 2,000 கோழிக்குச் சமம். நாமக்கல் மண்டலத்தில் சுமார் 5 கோடி முட்டைக்கோழிகள் உள்ளன என்பார்கள். சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், அத்தனை கோழிகளும் சேர்ந்து வெறும் 25,000 காடைக்கே ஈடு. தீவன ஆலை, லாரி, முட்டை விலை நிர்ணயம், 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி என்று இத்தனை ஏற்பாடுகளும் எதற்கு? நாலு கொட்டகைக் காடை போதுமே. இக்கணக்கைப் பண்ணையாளர் சங்கத்தில் எடுத்துரைக்க ஆய்வாளருக்குத் துணிவு வரவில்லை.

காடை விவகாரத்தில் ஒரு ஆள்மாறாட்டமும் இருக்கிறது. பழமொழி புகழ்ந்தது மானாவாரிக் காட்டில் விருட்டென்று எழும்பும் நாட்டுக் காடையை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதைப் பிடித்தால் வழக்கு. இன்று புறவழிச்சாலைக் கடையில் செக்கச்செவேலென்று பொரிபடுவதோ ஜப்பானியக் காடை. 1974இல் கலிஃபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்து இசத்நகருக்கு வந்திறங்கிய குடும்பம். ஐந்தாறு வாரத்தில் 200 கிராம் எடைக்கு வந்துவிடும். சான்றிதழ் உள்ளூர்க்காரருடையது, வேலையில் சேர்ந்தது வெளிநாட்டுக்காரர். ஆயினும் நெஞ்சுச்சளி வித்தியாசம் பார்ப்பதில்லை.

மருந்துச்சீட்டு இல்லாமல் வந்த பறவையின் கதி என்ன? ஈமுவைக் கேளுங்கள். ஆளுயரம் நிற்கும், 40 கிலோ வரை எடை, கரும்பச்சையில் அரைக்கிலோ முட்டை. பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விட, சேவல் எட்டு வாரம் ஏறக்குறையப் பட்டினியாக அடைகாக்கும் குடும்பப் பாங்கு. 1932இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலை அழித்த ஈமுக்களைச் சுட லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியோடு போன ராணுவம், கைசலித்துத் திரும்பியது. அப்பேர்ப்பட்ட பறவையைக் கொங்கு நாடு சுலபமாக வீழ்த்தியது. பெருந்துறைப் பக்கம் கடை விரித்த நிறுவனங்கள், குஞ்சை வளர்த்தால் மாதாமாதம் பராமரிப்புப் பணம், ஆண்டுக்கொரு போனஸ், கடைசியில் முதலும் திரும்பும் என்றன. திரை நட்சத்திரங்களும் விளம்பரத்தில் வந்து சொன்னார்கள். 2012இல் பணம் நின்றது, தீவனம் நின்றது. பட்டிக்குள் வாடிய பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று: அத்தனை ஆயிரம் ஈமு நின்றும் யாரும் அதைத் தின்று தீர்க்க முன்வரவில்லை. கறி மாட்டுக்கறி போலச் சிவப்பு; பறவை என்றால் கோழி என்று பழகிய நாமக்கல் கண்ணுக்கு அது ஒப்பவில்லை. கொழுப்பு குறைவு என்றார்கள். கொழுப்பு குறைவு என்பது நோயின் பெயரா? எந்த அம்மிச்சி அதைச் சொல்லிச் சோறு ஊட்டுவாள்? ஈமு எண்ணெய் முட்டிவலிக்கு நல்லது என்று ஒரு முயற்சி நடந்தது. ஆனால் அது மேலே தடவுவது, தொண்டையில் இறங்குவதன்று. முதலீடாக வந்ததால் முதலோடு போயிற்று என்பதே எமது முடிபு. மூலத்துக்கு நல்லது என்று 2006 வாக்கில் யாராவது ஒருவர் கிளப்பிவிட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

மாற்றுக் கருத்தினர் கணவாயைக் காட்டுவர். எந்த நோயும் ஒதுக்கப்படாத நிலையிலும் அது சேலத்து உணவகங்களில் வளையம் வளையமாகப் பொரிந்து விற்கிறதே என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான். ஆகவே ஆய்வாளர் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் நேரில் போய் அமர்ந்தார். பக்கத்து மேசையில் பேரன் வற்புறுத்தியதால் ஒரு பெரியவர் வளையமொன்றைக் கையிலெடுத்து, இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு கடி கடித்தார்.

“எலும்பே இல்லீங்களே,” என்றார் சர்வரிடம். “அப்ப இது வாயுவுக்கு நல்லதா இருக்கோணும்.”

இரண்டாம் தட்டு கொண்டுவரச் சொன்னார்.