குட்டி டிராக்டர் மீமாம்சை

வஸ்துக்களின் மதிப்பைப் பற்றி ஆராயப் புகுந்த மேலைநாட்டுப் பண்டிதர்களுள் தலைவரான ஆடம் ஸ்மித், 1776-ல் வெளியிட்ட தமது பெருநூலில், உயிருக்கு இன்றியமையாத தண்ணீர் மலிவாகவும் உபயோகம் அதிகமில்லாத வைரம் கிராக்கியாகவும் இருப்பதன் விசித்திரத்தை எடுத்துக்காட்டிவிட்டு மேலே சென்றார். அவர் காலத்தில் மினி டிராக்டர் இருந்திருக்குமாயின், வாங்கும்போது வைரமாகவும் விற்கும்போது தண்ணீராகவும் காட்சியளிக்கும் இம்மூன்றாவது திரவியத்தை அவர் விட்டிருக்கமாட்டார் என்பது நமது துணிபு. அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். ஆராய்ச்சிக்களம், மஞ்சளும் கரும்பும் வாழையும் செழிக்கும் கோபிசெட்டிபாளையத்துச் சுற்றுவட்டாரம்.

முதலில் லட்சணம். ஏறத்தாழ 15 முதல் 28 குதிரைத்திறன் உடையதாய், மூன்று மூன்றரை அடி அகலத்துக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டு, ஆறடிக்கு ஆறடி நட்ட வாழைக்கு இடையே குலையில் இடிக்காமல் புகுந்து புறப்படும் நான்கு சக்கர யந்திரமே மினி டிராக்டர் எனப்படும். இதில் குதிரைத்திறன் என்னும் அளவையோ, குதிரை பூட்டி வேலை வாங்கிவந்தவர்களுக்கு நீராவி யந்திரத்தின் ஆற்றலை விளக்கி விற்கும்பொருட்டு ஜேம்ஸ் வாட் வகுத்தது. ஆதலால் அது பிறவியிலேயே ஒரு வியாபார உபாயம். ஒரு ஜோடி மாட்டின் சக்தி ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன் என்று வேளாண் பொறியியலார் கணக்கிடுவதால், தம் தகப்பனார் ஒரே ஜோடியை ஓட்டி உழுத மூன்று ஏக்கருக்கு மகனார் பதினைந்து ஜோடியைப் பூட்டத் தீர்மானித்து ஷோரூம் படியேறுகிறார். படியிறங்கும்போது அது இருபத்திரண்டு ஜோடி ஆகியிருக்கும். “எதுக்கும் இருக்கட்டுமுங்க” என்ற விற்பனையாளரின் இரண்டே சொற்களுக்கு ஏழு ஜோடி மாடு விலை.

ஷோரூமில் வஸ்துவின் மதிப்பை அறிவதற்குப் பிரமாணங்கள் எத்தனை என்பது அடுத்த கேள்வி. நையாயிகர்கள் நான்கு என்பர். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் ஆறு என்பர். பிரத்யட்சமாவது, பெயிண்டின் பளபளப்பைக் கண்டு, டயரை ஒரு தட்டுத் தட்டி, சீட்டில் ஏறி அமர்ந்து ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்த்தல். இதனால் யாதொரு ஞானமும் பிறப்பதில்லையாயினும் இதைச் செய்யாமல் எவரும் டிராக்டர் வாங்கியதில்லை. உபமானமாவது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுதல். தவணைகளில் பெரும்பங்கு இந்தப் பிரமாணத்தின் பேரிலேயே கட்டப்படுகிறது.

சப்தப் பிரமாணமாவது விற்பனையாளரின் வாக்கு. “சர்வீஸை நான் பாத்துக்கறனுங்க” என்னும் வாக்கியம் கொட்டேஷனில் எழுதப்படுவதில்லை. இவ்விஷயத்தில் டிராக்டர் குலத்துக்கே ஒரு பூர்வகதை உண்டு. கலப்பையைப் பின்னால் மூன்று முனைகளில் கோத்து ஹைட்ராலிக்கால் தூக்கும் அமைப்பைக் கண்ட ஹாரி பெர்குசனும் மோட்டார் மன்னர் ஹென்றி போர்டும் 1938-ல் எழுத்து ஒன்றும் இல்லாமல் கைகுலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டனர்; மறு ஆண்டே டிராக்டர் வெளிவந்தது; பின்னர் போர்டின் பேரர் காலத்தில் உறவு முறிந்து வழக்காகி, 1952-ல் போர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அந்த மூன்று முனைகள் இன்றும் ஒவ்வொரு மினி டிராக்டரின் பின்னாலும் இருக்கின்றன. கைகுலுக்கலும் ஒவ்வொரு ஷோரூமிலும் இருக்கிறது.

எனினும் பிரமாணங்களுள் தலையாயது ஆறாவதான அனுபலப்தியே, அதாவது ஒரு பொருள் காணப்படாமையால் அதன் இன்மையை அறிதல். கொட்டேஷனை இந்தப் பிரமாணத்தைக் கொண்டு வாசிக்கவேண்டும். அதில் ரோட்டவேட்டர் காணப்படவில்லை; ஆகவே ரோட்டவேட்டர் இல்லை. கொத்துக்கலப்பை காணப்படவில்லை, சேற்றுழவுக்குரிய கேஜ் வீல் காணப்படவில்லை, டிரெய்லர் காணப்படவில்லை. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலும் பி.டி.ஓ. தண்டு பின்புறத்தில் இருக்கிறது. அத்தண்டினால் சுழற்றப்படவேண்டிய ஒன்றும் விலையில் சேரவில்லை. ஆறு லட்சம் கொடுத்தவர் வாங்கியது, தானே முன்னும் பின்னும் செல்லவல்ல ஒரு குதிரைத்திறன் தொகுதி மாத்திரமே.

இனி சித்தாந்தம். காரின் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்லும் உலகம் டிராக்டரின் ஆயுளை மணியில் சொல்கிறது. அதற்கென்று ஹவர் மீட்டர் என்றொரு சிறு கருவி டேஷ்போர்டில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு மணி, வருஷத்துக்கு நான்கு உழவு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மூன்று ஏக்கர்க்காரரின் யந்திரம் ஆண்டொன்றுக்கு 24 மணி நேரம் ஓடும். வருமானவரிக் கணக்கர்கள் யந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். விவசாய வருமானத்துக்கு அவ்வரி இல்லையென்பதால் அந்தக் கணக்கு நம் தோட்டக்காரரின் கண்ணில் படுவதே இல்லை. தேய்வது மட்டும் நிற்பதில்லை. ஆறு லட்சத்தில் முதல் வருஷத் தேய்மானம் 90,000 ரூபாய். அதை 24-ஆல் வகுக்க, மணிக்கு 3,750 ரூபாய். டீசல், வட்டி, இன்ஷூரன்ஸ் எதுவும் இதில் சேர்த்தியில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையாரோ சில நூறு ரூபாய் மணி வாடகைக்கு டிராக்டரை வயலுக்கே அனுப்பிவைக்கிறார்கள்.

இந்த வகுத்தலை வீட்டிலுள்ள பெரியவர்கள் காகிதமின்றியே செய்துமுடிப்பது ஆராய்ச்சிக்கு உரியது. நாம் கண்ட ஒரு வீட்டில், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த தாயார் நிமிர்ந்தும் பாராமல், “ஏங்கண்ணு, அது சும்மா நிக்கிற நேரத்துக்கும் வட்டி ஓடுமல்ல?” என்று மட்டும் கேட்டார். மகனார் விடையாகச் சொன்னது, வேண்டும்போது ஆள் கிடைப்பதில்லை, மழை பெய்த ஈரம் நமக்காகக் காத்திருக்காது என்பது. வாடகை வண்டி வருவதற்குள் ஈரம் காய்ந்துபோன தோட்டங்களைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்த வாதத்துக்கு ஒரு விலை உண்டு. அது மணிக்கு மூவாயிரமா என்பதே விவாதம்.

மச்சான் மதிப்பு என்பது தனி அத்தியாயத்துக்குரியது, சுருக்கமாகச் சொல்வோம். உறவினர் இரவல் வாங்கி ஓட்டும் மணிகளும் மீட்டரில் ஏறுமாதலால், வகுக்கும் எண் பெருகி மணிக்கணக்குச் செலவு குறைகிறது. ஆகையால் கணிதப்படி, டிராக்டர் வைத்திருப்பவனுக்கு மச்சான் லாபம். டீசல் யார் ஊற்றுவது என்பதில் மட்டும் சாஸ்திரங்கள் மௌனம் சாதிக்கின்றன.

மறுவிற்பனையின்போது நிகழும் ஒரு விபரீதத்தையும் பதிவு செய்தாகவேண்டும். மூன்று வருஷம் சென்று, தேய்மானக் கணக்கில் 3,68,475 ரூபாயாகிவிட்ட தம் யந்திரத்தை விற்கத் துணிந்த உரிமையாளர், மீட்டரில் 72 மணியே காட்டுவதைப் பெருமிதத்துடன் புரோக்கருக்குச் சுட்டுகிறார். புரோக்கர் பெயிண்டைப் பார்ப்பதில்லை. நின்று நின்றே வெடிப்பு விட்ட டயரை ஒரு விரலால் தடவுகிறார். செத்துப்போன பாட்டரியை நோக்குகிறார். பிறகு குனிந்து மீட்டருக்கு அடியில் எதையோ தேடுகிறார். சீட்டின்மேல் இன்னும் கிழிக்கப்படாத பாலிதீன் உறையை உரிமையாளர் சாட்சியாகக் காட்டியும் பயனில்லை.

“உறையெல்லாம் கெடக்கட்டுமுங்க,” என்கிறார் புரோக்கர். “கேபிளை எந்த வருசம் கழட்டி உட்டீங்க, அதச் சொல்லுங்க.”