ஓசூர் என்னும் வெளிமாநிலம்

ஐ.டி. தம்பதிகள் கல்யாணமானதும் சேர்ந்து செய்யும் முதல் காரியம் தேனிலவு அல்ல, எக்ஸெல் ஷீட். பெங்களூரா, ஹைதராபாத்தா, புனேயா? "ஹைதராபாத்ல வாடகை பரவாயில்ல" என்று அவன் வாயெடுக்கும்போதே அவள் மே மாத வெயிலைக் கூகுளில் காட்டிவிடுவாள். புனே இன்னும் சுலபம். "அங்க இட்லி மாவு கிடைக்குமாடா?" என்று அம்மா ஃபோனில் ஒரே கேள்வி கேட்பார், அந்த ஊர் காலி.

மிஞ்சுவது பெங்களூர். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அவ்வூர் வீட்டு ஓனர்களின் பழைய வழக்கம். பெண்ணுக்குப் போட்ட நகை பின்னே எதற்கு இருக்கிறது? அடுத்தது வண்டி. தமிழ்நாட்டு நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கூடவே கர்நாடகத்துக்கு ஆயுள் வரி. சில்க் போர்டு சந்திப்பில் அசையாமல் நின்ற நேரத்தை அந்த 12 மாதத்தில் கழித்துக்கொள்வார்களா என்பதைப் பற்றிச் சட்டம் மூச்சுவிடவில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு சித்தப்பா வருவார். "பேசாம ஓசூர்ல வீடு பாருங்கப்பா. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான்." சம்பளம் கர்நாடகத்தில், ரேஷன் கார்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில். காலையில் அத்திப்பள்ளி தாண்டி வெளிமாநிலம். ராத்திரி சொந்த மண்ணில் தோசை.

இருவருக்கும் சம்மதம். மாமியார் பாஸ்போர்ட் அளவு பையோடு வாராவாரம் வந்து இறங்கலாம் என்பதை லாபத்தில் எழுதுவதா, நஷ்டத்தில் எழுதுவதா என்பதில்தான் இப்போது சண்டை.